சங்குப்பூக் கொடி: விதை முதல் பூ வரை டெல்டாவில் காணும் கோளாறுகளும் அவற்றைக் கண்டறிந்து நீக்கும் முறையும்

சங்குப்பூ, காக்கணம் என்ற பெயர்களில் நம் வேலிகளில் படரும் கொடி விதையிலிருந்து எளிதாக வளரக்கூடியது என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அதைக் கொல்லையிலோ தொட்டியிலோ வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை சில கேள்விகள்தாம்: விதை ஏன் முளைக்கவில்லை, முளைத்த நாற்று ஏன் சாய்ந்தது, இலை ஏன் மஞ்சளாகிறது, கொடி இவ்வளவு அடர்ந்தும் ஏன் பூக்கவில்லை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இலையிலோ கொடியிலோ இருப்பதில்லை, மண்ணுக்குள் இருக்கிறது.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் கொடியில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகச் செல்லலாம். அதற்கு முன் ஒன்றை மட்டும் செய்துவிடவும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, எடுத்த மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்க்கவும். நம் பகுதியின் களி கலந்த வண்டல் மண், மேலே வெடித்து உலர்ந்து கிடக்கும்போதும் அடியில் ஈரமாகவே இருக்கும். தொட்டியிலோ இதற்கு நேர்மாறாக, மேல்மண் நனைந்திருக்க, அடிமண் சுவரைவிட்டு விலகிக் கட்டியாக உலர்ந்திருக்கும். இவ்விரண்டில் எது நடக்கிறது என்று தெரியாமல் நீர் ஊற்றுவதும் உரம் போடுவதும் கோளாறை இரட்டிப்பாக்கும்.

விதைத்து இரண்டு வாரம் கடந்தும் முளை தெரியவில்லை

காத்திருக்க வேண்டாம், விதையைத் தோண்டி எடுத்துப் பார்க்கவும். கையில் கிடைப்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும்.

விதை போட்டபடியே கல்லைப்போல் கடினமாக இருந்தால், அது கெட்டுவிடவில்லை. நீரே உள்ளே புகவில்லை என்று பொருள். சங்குப்பூ பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் பல செடிகளைப்போலவே இதன் விதைத்தோலும் நீரை உள்ளே விடாத அளவுக்கு இறுகியது. வேலியில் தானாக உதிரும் விதைகள் வெயிலிலும் மழையிலும் மாறிமாறிக் கிடந்து, தோல் மெல்ல நைந்து, ஒன்று இந்த மழைக்கும் மற்றொன்று அடுத்த மழைக்குமாக முளைக்கும். ஒரே நேரத்தில் எல்லாம் முளைத்து ஒரே வறட்சியில் எல்லாம் மடிந்துவிடாமல் இருக்கச் செடி வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது. நமக்கு அவ்வளவு பொறுமை இல்லாததால், தோலை நாமே நைக்க வேண்டியிருக்கிறது. விதையின் ஒரு விளிம்பில், அது காயோடு ஒட்டியிருந்த இடத்தில் சிறு தழும்பு தெரியும். முளை வெளிவரும் இடம் அதற்கு அருகில்தான் இருப்பதால் அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் மிகச் சிறிதாகக் கிள்ளியோ, உப்புத்தாளில் நாலைந்து முறை தேய்த்தோ, கறுப்புத் தோலுக்கு அடியில் உள்ள வெளிறிய பகுதி ஒரு புள்ளியளவு தெரிந்ததும் நிறுத்திவிடவும். பிறகு சாதாரண நீரில் ஓர் இரவு ஊற வைத்தால், நீர் புகுந்த விதை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உப்பியிருக்கும். உப்பியதை உடனே விதைக்கவும். உப்பாததை மீண்டும் தேய்த்து மீண்டும் ஊற வைக்கவும்.

விதை நிறைய இருந்து ஒவ்வொன்றாகக் கிள்ள நேரமில்லாவிட்டால், நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, அந்தச் சுடுநீரை விதைகள்மேல் ஊற்றி அப்படியே மறுநாள் காலை வரை விடலாம். அடுப்பின்மேல் விதையோடு கொதிக்க விடக் கூடாது. உள்ளிருக்கும் முளை வெந்துவிடும். தேய்க்காத விதையைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. இறுகிய தோலுள்ள விதைக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. ஏற்கெனவே நீர் உறிஞ்சிவிட்ட விதையோ அதற்குள் மூச்சடைத்து அழுகத் தொடங்கிவிடும்.

தோண்டிய விதை கொழகொழவென்று, நசுக்கினால் நாற்றமடிப்பதாக இருந்தால், நீர் புகுந்தது. ஆனால் காற்று புகவில்லை. வயல் மண்ணையோ, தூர்வாரிக் கரையில் போட்ட வாய்க்கால் மண்ணையோ அப்படியே தொட்டியில் நிரப்பி விதைக்கும்போது இப்படித்தான் ஆகும். அந்த மண் நெல்லுக்கு ஏற்றது. தேங்கும் நீரைத் தாங்கும் நெல்லின் வேருக்கு இருக்கும் வசதி சங்குப்பூவின் வேருக்குக் கிடையாது. தோட்டமண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, மணல் கிடைக்காத இடத்தில் அதற்கு ஈடாகக் கருக்கிய உமியைச் சேர்க்கலாம். அரிசி ஆலை உள்ள ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை; களிமண்ணை இளக்க அதைவிட மலிவான பொருள் இங்கே எதுவும் இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பவர்கள், அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அலசாத நார்க்கழிவில் உள்ள உப்பு இளமுளையைக் கருக்கிவிடும். விதைக்கும் ஆழம் 1 முதல் 1.5 செ.மீ. போதும்.

விதையே காணவில்லை என்றால் எறும்பு, எலி, அணில், கோழி ஆகியவற்றுள் ஒன்று எடுத்துச் சென்றிருக்கும். தொட்டிமேல் கொசுவலைத் துணியைக் கட்டி மீண்டும் விதைக்கவும். விதையில் வட்டமான சிறு துளை இருந்தால், அது பயறு வண்டு குடைந்தது; அந்தப் பொட்டலத்தில் மீதமுள்ளவற்றை நீரில் போட்டு, மிதப்பவற்றையும் துளையுள்ளவற்றையும் நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் பயன்படுத்தவும்.

தோலை நைத்துச் சரியாக விதைத்தால் வெப்பமான மாதங்களில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை வெளியே வந்துவிடும். காலத்தைப் பொறுத்தவரை, ஆடிப் பட்டத்தில் விதைப்பதையே முதலில் பரிந்துரைப்பேன். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் கொடி வேரூன்றி, புரட்டாசியில் முதல் பூவைக் காட்டிவிடும். தை, மாசியில் விதைப்பதும் நல்லதே. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் தவறாமல் நீர் கொடுக்க ஆள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியில் விதைப்பது விதையை வீணாக்குவதற்குச் சமம்.

முளைத்த நாற்று ஓரிரு நாளில் தரையோடு சாய்ந்துவிடுகிறது

சாய்ந்த நாற்றின் அடித்தண்டைப் பார்க்கவும். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர்க்கோர்த்து, பழுப்பாகி, நூல்போல் மெலிந்திருந்தால் அது நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பூஞ்சைகள் ஈரமும் நெருக்கமும் கிடைத்தால் இவ்வாறு தாக்குகின்றன. சாய்ந்த நாற்று மீளாது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிடவும். மீதியுள்ளவற்றைக் காப்பாற்ற நீரைக் குறைத்து, தொட்டியைக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றி, காலையில் மட்டும் நீர் கொடுக்கவும். அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளால் விதைநேர்த்தி செய்துகொள்ளலாம். பயறு வகை விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. பத்துப் பதினைந்து சங்குப்பூ விதைக்கு ஊறி உப்பிய ஈரத்தில் ஒட்டும் அளவுக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

தண்டு அழுகாமல், கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டிருந்தால் வெட்டுப்புழுவின் வேலை. மேல்மண்ணைக் கிளறினால் பகலில் அது சுருண்டு கிடப்பதைக் காணலாம். இலை ஒழுங்கற்று அரிக்கப்பட்டு, அருகில் பளபளக்கும் கோழைத்தடம் தெரிந்தால் நத்தை. மழைக்காலத்தில் ஈரச்சாக்கை இரவில் அருகில் விரித்து வைத்து, காலையில் அதற்கடியில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கிவிடுவது நச்சு மருந்து வைப்பதைவிட மேல். கோழியும் நாயும் திரியும் கொல்லையில் நச்சு மருந்து வைக்கவே கூடாது.

நாற்று சாயாமல், வெளிறி, கணுக்களுக்கு இடையே நீண்டு தள்ளாடினால் அது நோயன்று; வெளிச்சக் குறைவு. திண்ணை ஓரத்திலிருந்து எடுத்து, முதல் சில நாள் காலை வெயிலிலும் பிறகு முழு வெயிலிலுமாகப் பழக்கவும்.

இலை மஞ்சளாகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வியும், அதிகம் தவறாக மருந்து செய்யப்படும் கேள்வியும் இதுதான். மஞ்சள் என்பது ஒரே அறிகுறியன்று. எந்த இலை மஞ்சளாகிறது, இலையின் எந்தப் பகுதி மஞ்சளாகிறது என்ற இரண்டையும் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

கொடியின் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக வெளிறி உதிர, தோண்டிய மண் பிசுபிசுவென்று இருந்தால், வேர் நீரில் மூழ்கியிருக்கிறது. சம்பா, தாளடிக் காலத்தில் வயலை ஒட்டிய கொல்லைகளிலும் கடைமடைப் பகுதித் தாழ்நிலங்களிலும், நீங்கள் ஒரு சொட்டு நீர்கூட ஊற்றாவிட்டாலும், நிலத்தடி நீர் உயர்ந்து வேரை எட்டிவிடும். குறுவைக்காக மேட்டூர் அணை மரபாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பின் வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கியதும், வாய்க்கால் கரையோரக் கொடிகளுக்கும் இதே நிலை வரலாம். இங்கே உரம் வேலை செய்யாது. மூச்சு விட முடியாத வேர் உரத்தை எடுத்துக்கொள்ளாது. சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வடிகால் வெட்டி நீரை வெளியேற்றவும். அடுத்த விதைப்பை ஒரு முழ உயரமுள்ள மேட்டில் செய்யவும்.

அடியிலைகள் அதே போல் வெளிறியும் மண் பொலபொலவென்று நலமாக இருந்தால், அப்போதுதான் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவை நினைக்க வேண்டும். சங்குப்பூவின் வேரில் பயறுச் செடிகளில் உள்ளதைப்போல முடிச்சுகள் உண்டாகி, அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்திச் செடிக்குக் கொடுக்கின்றன. ஒரு பக்கவேரைத் தோண்டி, முடிச்சு ஒன்றை நகத்தால் நசுக்கிப் பார்க்கவும். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. முடிச்சே இல்லை என்றால், பெரும்பாலும் புதிதாகக் கலந்த தொட்டி மண்ணாகவோ வீடு கட்ட நிரப்பிய மண்ணாகவோ இருக்கும். சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விளையும் வயலிலிருந்து இரண்டு கைப்பிடி மண் எடுத்துவந்து வேரடியில் கலந்தால் போதும். அது கைக்கு எட்டாதவர்கள் பயறு வகைக்கான ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். முடிச்சு வரட்டும் என்று காத்திருக்கும்போதே யூரியாவையும் போட்டால் முடிச்சு உருவாவது தடைப்படும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நுனியிலுள்ள இளந்தளிர்கள் வெளிற, அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்பது இதன் பொருளன்று. மண் காரத்தன்மை கொண்டதாக இருந்தாலோ, ஆழ்குழாய் நீரின் காரம் மண்ணில் படிந்துகொண்டே வந்தாலோ, உள்ள இரும்பைச் செடியால் எடுக்க முடியாமல் போகும். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால், புதிய தளிர் பச்சையாக வரும். ஆனால் அது தற்காலிகத் தீர்வு. மக்கிய எருவைத் தொடர்ந்து சேர்ப்பதும், மழைநீர் கிடைக்கும் காலத்தில் அதையே ஊற்றுவதும்தான் நிலைக்கும்.

இலையின் விளிம்பு மட்டும் மஞ்சளாகி, பின் தீய்ந்து பழுப்பாகி உள்நோக்கிப் பரவினால், நாகப்பட்டினம், வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதியினர் முதலில் நீரின் உப்பையே ஐயுற வேண்டும். கோடையில் மண்ணின் மேற்பரப்பில் வெண்படலம் படிந்திருப்பது அதை உறுதி செய்யும். தொட்டி என்றால் நல்ல நீரை, அடித்துளை வழியாகத் தாராளமாக வெளியேறும் அளவுக்கு ஊற்றி உப்பை அலசிவிடலாம். நிலம் என்றால் மூடாக்கு இட்டு ஆவியாதலைக் குறைத்து, மழையை அலசும் வாய்ப்பாகப் பயன்படுத்த வேண்டியதுதான். ஜிப்சம் போடும்படி பலர் சொல்வார்கள். அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு உதவும். உப்பு மட்டும் மிகுந்த வெறும் உவர் நிலத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. எனவே வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் நீரையும் கொடுத்துப் பார்த்த பிறகே வாங்கவும்.

பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை சுருங்கி, இலைக்கடியில் வெள்ளை ஈக்கள் பறந்தால், உளுந்து வயலில் காணும் மஞ்சள் தேமலைப் போன்ற நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும். இதற்கு மருந்தில்லை. அந்தக் கொடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தவும். அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

தளிர் முறுக்கிக்கொண்டு, இலை கிண்ணம்போல் குவிகிறது

அசுவினி இருக்கிறதா என்று முதலில் இலைக்கடியில் பார்க்கவும். பூச்சி ஒன்றும் இல்லாமல், சில நாள்களுக்குள் கொடி முழுவதும் ஒரே சீராக முறுக்கியிருந்தால், அருகிலுள்ள வயலில் அண்மையில் களைக்கொல்லி தெளித்தார்களா என்று கேட்டுப் பார்க்கவும். நெல்லில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லப் பயன்படும் 2,4-டி போன்ற மருந்து நெல்லை விட்டுவிட்டு, சங்குப்பூ, அவரை, பருத்தி போன்ற அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும். காற்றில் மிதந்து வரும் மிகச் சிறிய அளவே தளிரை முறுக்கப் போதுமானது. இதை நோய் என்று நினைத்து மேலும் மருந்தடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியது முறுக்கிய நுனிகளைக் கிள்ளிவிட்டு, அளவாக நீர் கொடுத்துப் பொறுத்திருப்பதுதான். லேசான பாதிப்பு என்றால் கீழ்க்கணுவிலிருந்து நல்ல தளிர் வரும். களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய தெளிப்பானை, எவ்வளவு கழுவியிருந்தாலும், வேப்பெண்ணெய் தெளிக்க இரவல் வாங்க வேண்டாம்.

கொடி ஏறாமல் தரையில் படர்கிறது

சங்குப்பூவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றி ஏறும். ஆகவே மெல்லிய பிடிமானம் வேண்டும். பருத்த கல்தூணையும் சுவரையும் அதனால் சுற்ற முடியாது. மூங்கில் குச்சி, தென்னங்கயிறு, கம்பிவலை ஆகியவை பொருத்தமானவை. நுனியைக் கையால் ஒருமுறை சுற்றிவிட்டால் பிறகு தானே ஏறிக்கொள்ளும். தினமும் நுனி மட்டும் காணாமல் போகிறது என்றால் ஆட்டைத் தேடவும். இது கால்நடைகள் விரும்பித் தின்னும் நல்ல தீவனக் கொடி. முழங்கால் உயரம் வரையாவது முள்ளோ வலையோ கட்டாமல் தெருவோர வேலியில் இதை வளர்க்க முடியாது.

இலை அடர்ந்திருக்கிறது, பூ இல்லை

விதைத்த நாளை நினைவுபடுத்திக்கொள்ளவும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முதல் பூ வரும். அதற்குள் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதமாகியும் வரவில்லை என்றால் வெயிலைக் கணக்கிடவும். நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில், தென்னந்தோப்பின் நிழலிலோ வீட்டின் வடக்குச் சந்திலோ, கொடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மூட்டமான நாள்களில், நல்ல இடத்திலுள்ள கொடியும் பூவைக் குறைத்துக்கொள்வது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

வெயில் போதுமென்றால் குற்றம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கும். சாணக் கரைசல், யூரியா, கடலைப் பிண்ணாக்கு ஊறல், பஞ்சகவ்யம் என்று வாரந்தோறும் எதையாவது ஊற்றிவருபவர்களின் கொடிகள் கரும்பச்சையாக, அகன்ற இலைகளோடு, பார்ப்பதற்கு மிக ஆரோக்கியமாக இருக்கும். பூ மட்டும் இராது. தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் செடிக்கு மேலும் தழைச்சத்தை ஊற்றினால் அது பூக்க வேண்டிய அவசியத்தை உணராது. ஒரு மாதம் எல்லா ஊறலையும் நிறுத்திவிட்டு, மரச்சாம்பலை வேரைத் தொடாமல் ஒரு கைப்பிடி தூவவும். உங்கள் மண் ஏற்கெனவே காரமானது என்று தெரிந்தால் சாம்பலையும் தவிர்க்கவும்.

பூக்கள் புதிய தளிரின் இலைக்கக்கங்களில்தான் தோன்றும். எனவே நீண்டு ஒற்றையாக ஓடும் கொடியை இடுப்பளவு வந்ததும் நுனி கிள்ளினால், பக்கக்கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். முன்பு நன்றாகப் பூத்து இப்போது ஓய்ந்துவிட்ட கொடியில் காய்களை எண்ணிப் பார்க்கவும். காயை முற்றவிட்ட கொடி தன் உழைப்பை விதைக்குத் திருப்பிவிடும். விதைக்கு வேண்டிய நாலைந்து காய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பிஞ்சிலேயே பறித்துவிட்டால், அடுத்த சில வாரங்களில் பூ திரும்பும். நாள்தோறும் பூசைக்குப் பூப்பறிக்கும் வீட்டுக் கொடி, பறிக்காமல் விட்ட கொடியைவிட நீண்ட நாள் பூப்பதற்கும் இதுவே காரணம்.

மொட்டு உதிர்கிறது, அல்லது பூவின் நிறம் எதிர்பார்த்ததுபோல் இல்லை

பெருமழைக்கு அடுத்த நாள் உதிர்ந்தால் விட்டுவிடலாம். கோடையில் உதிர்ந்தால், தொட்டியின் அடிமண் உலர்ந்திருக்கிறதா என்று குச்சியை இறக்கிப் பார்க்கவும்; ஒருநாள் காய்ச்சலும் ஒருநாள் வெள்ளமுமாக நீர் கொடுப்பதே வழக்கமான காரணம். அடுக்குப்பூ என்று வாங்கிய விதை ஒற்றைப்பூ பூப்பதும், வெள்ளை என்று வாங்கியது நீலமாகப் பூப்பதும் பராமரிப்புக் குறையன்று, விதைக் கலப்பு. இந்தக் கொடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது என்றாலும், தேனீக்கள் வழியாக ஓரளவு அயல் மகரந்தமும் சேரும். வெள்ளையையும் நீலத்தையும் ஒரே வேலியில் படரவிட்டு எடுத்த விதைக்கு உத்தரவாதம் கிடையாது.

பூச்சிகள்

நுனித்தண்டில் கூட்டமாக அசுவினி, அதோடு எறும்பு வரிசை தெரிந்தால், எறும்பை ஒழிக்காமல் அசுவினி ஒழியாது. எறும்புகள் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காக்கின்றன. நீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கவும். கணுக்களில் வெண்பஞ்சாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிக்கும் இதுவே. அதிகம் பற்றிய கிளையை வெட்டி எரிப்பது விரைவானது. பங்குனி, சித்திரையில் இலை மேற்புறம் ஊசிமுனையால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளிறி, அடிப்புறத்தில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் பெருகும் அதற்கு, இலையின் அடிப்புறம் நனையுமாறு தொடர்ந்து சில நாள் நீர் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். புழுக்களுக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும்: 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டினால் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். பூவைத் தேநீருக்கோ சோற்றுக்கு நிறம் சேர்க்கவோ பறிப்பவர்கள் கடை இரசாயன மருந்துகளை இந்தக் கொடியில் தொடவே கூடாது.

நன்றாக இருந்த கொடி திடீரென்று வாடுகிறது

மண் ஈரமாக இருந்தும் வாடினால் நீர் ஊற்றாமல் வேரைப் பார்க்கவும். பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும் வேர், அழுகல் நோயைக் காட்டுகிறது. கொடி பெரும்பாலும் தப்பாது, அதே குழியில் மீண்டும் சங்குப்பூவையோ பயறையோ விதைக்க வேண்டாம். வேரில் வீக்கங்கள் தெரிந்தால் அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. மேலே சொன்ன நல்ல முடிச்சுகள் வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு உண்டாக்கும் வீக்கம் வேரே பருத்ததாக இருக்கும், உதிராது. நூற்புழு என்றால் கொடியைப் பிடுங்கி எரித்து, அந்த இடத்தில் வேப்பம்பிண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி போடலாம். மண் காய்ந்து, அடித்தண்டில் மண்பூச்சு ஏறியிருந்தால் கறையான். பூச்சைச் சுரண்டிவிட்டு, அருகில் கிடக்கும் மக்காத மரத்துண்டுகளையும் வைக்கோலையும் அகற்றவும்.

மழைக்காலத்தில் பந்தலோடு விழுந்துவிடுகிறது

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் தென்னைகளையே வேரோடு சாய்த்த பகுதி இது. அடர்ந்த கொடி ஏறிய மூங்கில் பந்தல் சாதாரணப் பருவமழைக் காற்றையே தாங்காது. புரட்டாசிக் கடைசியில் கொடியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் காற்று ஊடுருவிச் செல்லும். விழுந்துவிட்டால் நிமிர்த்தி இழுத்துக் கட்ட முயல வேண்டாம், தண்டு முறுக்கிக் கிழியும். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் தை வெயிலில் மீண்டும் தளிர்க்கும்.

சேமித்த விதை அடுத்த பருவத்தில் முளைக்கவில்லை

காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து உலர்த்தியிருந்தால் உள்ளே விதை சுருங்கித் தட்டையாக இருக்கும், அது முளைக்காது. காய் பழுப்பாகி, குலுக்கினால் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். மேலும் ஓரிரு நாள் விட்டால் அது முறுக்கி வெடித்து விதையைச் சிதறிவிடும் என்பதால், முற்றும் காய்மேல் சிறு துணிப்பையைக் கட்டிவிடலாம். தொடர்மழையில் நனைந்த காயின் விதை பூசணம் பிடித்திருக்கக்கூடும் என்பதால், விதைக்கான காய்களை மாசி முதல் வைகாசிக்குள் எடுப்பது நல்லது. நிழலில் உலர்த்தி, சாம்பலோ உலர்ந்த வேப்பிலையோ சேர்த்து, இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்தால் வண்டு அணுகாது. விதை உருண்டு, கனத்து, துளையின்றி இருந்தும் முளைக்கவில்லை என்றால் அது செத்துவிடவில்லை. தோலைத் தேய்க்காமல் விதைத்திருப்பீர்கள், முதல் பகுதியில் சொன்னபடி செய்து பார்க்கவும். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும். பூவை உண்ணலாம் என்பதால் விதையையும் உண்ணலாம் என்று கொள்ளக் கூடாது; விதையும் வேரும் கடும் பேதியை உண்டாக்கும்.